நாடா சுழலும் மதியம்

நீச்சல் மாஸ்டர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கைபேசியில் மறுபடியும் அந்தப் புரதத்தின் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றுகிறார். மதிய நேரம். குளத்தில் யாரும் இல்லை. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சம் தண்ணீரில் நெளிந்து அவர் முகத்தில் ஆடுகிறது. நாடாபோல மடிந்து சுருண்டு திரையில் கிடக்கும் அந்தப் புரதமும் தண்ணீருக்குள் மிதப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நீந்தக் கற்றுக்கொடுத்தவர். "பயத்தைக் கரையிலயே வச்சிட்டு வா, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க" என்பார். சொந்த மகளை மட்டும் தண்ணீரில் இறக்காமலே இருந்தார். நாலு படி ஏறினாலே அவளுக்குக் கால் துவண்டுவிடும். பரிசோதித்ததில், தசைப் புரதம் ஒன்றில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பலவீனம் அதனால்தானா, தசையை வருத்தினால் இன்னும் மோசமாகுமா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று பிடித்த பழக்கம் இது. புரத விவரங்களைச் சேர்த்துவைத்திருக்கும் இணையத் தளங்களில் பெயரைப் போட்டுத் தேடினார். அகராதியும் கையுமாக முதல் வாரம் முழுக்க அவர் படித்தது எலியின் புரதம் என்று பிறகுதான் தெரிந்தது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லவேளை, பொண்ணுக்கு வால் எப்ப முளைக்கும்னு டாக்டர்கிட்ட கேக்காம வந்தீங்களே!"

மனிதப் புரதத்துக்கான இணையப் பக்கத்தில், மகளுக்கு இருக்கும் மாற்றத்துக்கு நேரே ஒரு வரிதான் இருந்தது: விளைவு தெரியவில்லை. மகளுக்கோ அந்தப் புரதப் படம் விளையாட்டுச் சாமான். "என்னோட நாடாவைக் காட்டுப்பா" என்று மடியில் ஏறி, விரலால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

சென்ற வாரம் அந்த வரியின் கீழ் புதிதாக ஒரு குறிப்பு சேர்ந்திருந்தது. எங்கோ ஒரு பெண். அதே இடத்தில் அதே மாற்றம். நாற்பது தாண்டியும் நடமாடுகிறார், அளவாக உடற்பயிற்சியும் செய்கிறார். மாஸ்டர் அந்தக் குறிப்பை இன்னொரு முறை படித்தார். உடனே மருத்துவரைக் கூப்பிட்டார்.

"ஒருத்தரை வச்சு முடிவு கட்டிட முடியாதுங்க" என்றார் மருத்துவர். "ஆனா தண்ணியில விளையாடட்டும். களைச்சுப்போக மட்டும் விட்டுடாதீங்க."

மறுநாள் ஆழமில்லாத பக்கத்தில் மகளை மல்லாக்கக் கிடத்தினார். முதுகுக்கடியில் அவர் உள்ளங்கை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் தளர்ந்தது. முடி தண்ணீரில் விரிந்தது.

"விட்டுட்டியாப்பா?"

"இல்லடா தங்கம், பிடிச்சிருக்கேன்."

அவர் கை அவள் முதுகிலிருந்து ஒரு விரற்கடை கீழே இறங்கி, அப்படியே நின்றிருந்தது.