படம் வராத கடிதங்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பட்டப்பெயர் வாட்ச்மேன். கேட்டில் நிற்பவள் இல்லை, மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். வெளியிலிருந்து வருகிற எந்த மெயிலும் அவளைத் தாண்டித்தான் டாக்டர்களிடம் போகவேண்டும். போன வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வைரஸ் புகுந்து மொத்த ஆஸ்பத்திரியையும் படுக்கவைத்ததிலிருந்து அவள் கெடுபிடி கூடிப்போனது.

மெயிலோடு இணைந்து வரும் ஒவ்வொரு ஃபைலின் மேலும் 'இது படம்', 'இது எழுத்து' என்று ஒரு லேபிள் இருக்கும். 'என்ன வகையோ தெரியாது' என்ற லேபிளோடு வந்தால் அதைக் கழற்றிப் பூட்டிவிட்டு, கடிதத்தை மட்டும் உள்ளே விடும்படி சர்வருக்குச் சொல்லிவைத்திருந்தாள். 'ஒரு ஃபைல் நிறுத்தப்பட்டது' என்று டாக்டருக்கு ஒரு வரி போகும். குப்பை விளம்பரத்துக்கெல்லாம் அந்த வரி போகவே, டாக்டர்கள் அவள் உயிரை வாங்கினார்கள். தொலையட்டும் என்று அதையும் நிறுத்தினாள். அதன்பிறகு ஒரு புகாரும் வரவில்லை, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஒருநாள் காலையில், படியிறங்கவே யோசிக்கிற பெரிய டாக்டர் அவள் அறைக்கே வந்து நின்றார்.

"ஏம்மா, ஸ்கேன் சென்டர்லேர்ந்து போன் பண்ணி, ஒரு பேஷண்ட்டோட படம் அனுப்பிட்டோம்னு அடிச்சுச் சொல்றாங்க. எனக்கு வெறும் லெட்டர்தான் வந்திருக்கு. என்னன்னு பாரேன்."

பார்த்தாள். சென்டர்காரர்கள் போன மாதம் சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர்கள் அனுப்பும் எல்லாப் படத்துக்கும் 'தெரியாது' லேபிள்தான். சர்வர் அவள் சொன்ன பேச்சைத் தட்டாமல் அத்தனையையும் பூட்டிவைத்திருந்தது.

"ஒரு மாசமா உங்களுக்குப் படமே வரலையே டாக்டர், யாரும் கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? லெட்டர்ல ஸ்கேன் எடுத்தாச்சுன்னு மட்டும்தான் இருக்கும், எல்லாம் சரியா இருந்தா அது மட்டும்தான் வரும். ஏதாவது இருந்தாதான் படத்துல குறிச்சு அனுப்புவாங்க. வருஷக்கணக்கா அப்படித்தானே ஓடுது."

"அப்போ, படம் வரலைன்னா?"

"ஒண்ணும் இல்லை, நிம்மதியாப் போங்கன்னு..."

இப்படியும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கட்டடத்தை நடத்தியிருக்கிறார்கள், யாருக்கும் உறைக்கவே இல்லை.

பூட்டிவைத்த பட்டியலைத் திறந்தாள். ஃபைல் ஒவ்வொன்றின் மேலும் நோயாளியின் பெயர். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. நடுவில் அவளுடைய அக்காவின் பெயர்.

மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்காக அக்கா ஸ்கேன் எடுத்தது இவள் வற்புறுத்தித்தான். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, "சும்மா என்னைப் பயமுறுத்திட்டியேடி" என்று இவள் தலையில் குட்டிவிட்டு, நேராகப் போய் மகளைப் பார்க்க விமான டிக்கெட் போட்டாள். நாளைக்குக் கிளம்புகிறாள், திரும்பிவர ஆறு மாதமாகும்.

ஃபைலைத் திறந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. குறை இல்லாதவர்களுக்குப் படமே வராது, பிறகு திறந்து பார்க்க என்ன இருக்கிறது?

"எல்லாத்தையும் விடும்மா, உடனே விடு," என்றார் டாக்டர். சென்டரிலிருந்து வரும் படங்களைத் தடுக்காதபடி விதியைத் திருத்தினாள். ஒன்றை அனுப்பிப் பார்த்தாள், படமாகவே திறந்தது. மீதி அத்தனையையும் விடுவித்தாள். படங்கள் வந்து விழ விழ டாக்டரின் போன் விடாமல் ஒலித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அழக்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவே கூப்பிட்டாள்.

"ஏய், உங்க டாக்டர் இப்பவே வரச் சொல்றாருடி. ஊருக்குப் போக வேண்டாமாம். ஏதோ கம்ப்யூட்டர் தப்பாம். நீ அங்கதானே இருக்க, யாரு செஞ்ச வேலைன்னு கொஞ்சம் கேளு."

"கம்ப்யூட்டர் இல்லக்கா," என்றாள். "நான்தான்."