உப்பு மண்ணுக் கள்

எங்கள் அப்பா கள் இறக்குகிறவர். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலைதான். லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக, அப்பா மட்டும் தென்னையில் ஏறிப் பாளை சீவுவார். கள்ளுக்கு ருசி கொடுப்பது மண்தான் என்பார். மேட்டுச் செம்மண் கள் லேசாக இருக்கும், நாக்கில் நிற்காது. ஆற்று வண்டலில் இனிப்புத் தூக்கல். கடலோரத்தில் பாக்காவ் என்கிற அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்று மரத்துக் கள் முதலில் இனிக்கும், விழுங்கின பிறகு தொண்டையில் ஒரு உப்பு நிற்கும்.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் கிழங்கே தின்று கால் வீங்காமலிருக்கப் பிள்ளைகளுக்கும் காலைக் கள் கொடுத்தார்கள். அப்பா என் உள்ளங்கையில் ஊற்றி, "எந்த மண்ணு, சொல்லு" என்பார். நான் வாய் திறக்காத பிள்ளை. விரலால் திசையைக் காட்டுவேன். "எம் மவ நாக்கு பொய் சொல்லாது லா" என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்வார்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க ஆரம்பித்ததும் அப்பாவைக் காணோம். சிரம்பானுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. நம்பினேன். வாரம் ஒரு தடவை அம்மா வெளியே போய் இரண்டு போத்தல் கள்ளோடு வருவாள். லுக்குட் கடையில் வாங்கியது என்று சொல்லி, தோட்டக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அதைக் கொடுத்து மரவள்ளிக்கிழங்கு வாங்குவாள்.

ஒரு நாள் அம்மா இல்லாத நேரம், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தார். சயாமுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் அவர்தான். கையில் அம்மா லயத்தில் கொடுத்த போத்தல்.

"என்னா குட்டி, இது கடைக் கள்ளுதானே? மரமேறி மவளாச்சே, சொல்லு பாப்போம்."

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அட, இந்த ஊமைக்கு என்னா தெரியும்! உங்கப்பன் சும்மா அளந்திருக்கான்."

அதுதான் பொறுக்கவில்லை. கையை நீட்டி வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"கடைக் கள்ளு இல்ல மாமா. அது நாலு எடத்துக் கலப்பு. இது ஒரே எடம். கடலோரம், பாக்காவ் காட்டுச் சேத்து மண்ணு."

மண்டோர் சிரிக்கவில்லை. "கெட்டிக்காரி" என்று சொல்லிப் போனவர், பால் டின்னில் பாதி அரிசி கொண்டுவந்து கொடுத்தார். பச்சரிசி. நாங்கள் அரிசியைப் பார்த்து எத்தனையோ மாதம்.

சாயங்காலம் அம்மா வந்ததும் டின்னை நீட்டினேன்.

"ஏதுடி அரிசி?"

பெருமையாக எல்லாம் சொன்னேன். அவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் நான் பேசியதே இல்லை. அம்மா கிழங்குக் கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கடல் பக்கம் ஓடினாள்.

மறுநாள் மத்தியானம் தனியாகத் திரும்பினாள். மண்டோரும் ஜப்பான் சோல்ஜர்களும் முந்திவிட்டார்களாம். மரத்திலிருந்து இறக்கி, இடுப்பில் செருகின பாளைக் கத்தியோடேயே அப்பாவை லாரியில் ஏற்றிவிட்டார்களாம். பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொன்னது காதில் விழுந்தது. லாரியில் போனவர் லாரியிலேயே சீக்கிரம் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வரவே இல்லை.

அம்மா சமைக்கட்டும் என்று அரிசியை ஒரு மணி சிந்தாமல் வைத்திருந்தேன். அவள் டின்னை எடுத்துப் போய் லயத்துக் கால்வாயில் கொட்டினாள். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான்தான் தரையில் புரண்டு அழுதேன். நல்ல அரிசியை வீணாக்கிவிட்டாளே என்று அம்மாவிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.