மாமா பேர் போடிக்குப் போன கதை

திராட்சைப் பெட்டிக்குள் அப்பா பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பளிச்சென்று பட்டது. குலையை வெறுமனே அனுப்பினால் வழியிலேயே உதிர்ந்துவிடும். தாளும் பெட்டியுமாகச் சேர்த்து அனுப்பினால் கொடியில் தொங்கிய மேனிக்கே கேரளாவில் போய் இறங்கும். எழுத்துக்கும் அதுதானே வழி? கையிலிருந்த குலையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "ஏ புள்ள, பாதியில எங்கன ஓடுற?" என்று அப்பா கத்தியது பின்னால் கேட்டது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. வீட்டில் தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அழைப்புப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் தாய்மாமன் அதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் மடியில் உட்காராமல் பிள்ளையின் காதில் ஊசி இறங்காது. ஆகவே பத்திரிகையில் அவர் பெயர் இருக்கும் இடம், அடைமொழி, எழுத்தின் பருமன் எதுவும் அவர் சம்மதமில்லாமல் முடிவாகாது.

எங்கள் தாய்மாமன் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். தோட்டத்துத் தண்ணீர் முறையில் வந்த ஒரு சண்டைக்குப் பிறகு அவரும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவர் அம்மாவிடம் சொல்வார். மாமா என்றால் போடி, அப்பா என்றால் எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி, நடுவில் அம்மா. எனக்கு அது பூகோளப் பாடம் மாதிரிப் பழகிப்போயிருந்தது.

பத்திரிகையைத் தட்டச்சு செய்தவர் சித்தப்பா. பெரியகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கே பழகிய பழைய தமிழ் எழுத்துருவைத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவைத்திருந்தார். அடித்த கோப்பை அப்படியே மாமாவின் வாட்ஸப்புக்கு அனுப்பினார். மாமாவின் போனில் அந்த எழுத்துரு ஏது? தமிழ் போன இடம் தெரியவில்லை. ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக ஏதோ ஒன்று திறந்திருக்கிறது.

உடனே அம்மாவுக்குப் போன் வந்தது.

"எக்கா, என்னக்கா இது? எறும்பு மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கு. எம் பேர எழுத மச்சானுக்குக் கையி கூசுதாக்கும்?"

"அதெல்லாம் இல்லப்பா. கம்ப்யூட்டர்ல என்னமோ கோளாறாம்."

கோளாறை நிவர்த்தி செய்யச் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். அதில் தமிழ் நன்றாகவே தெரிந்தது. தாத்தா பெயர் தெரிந்தது, விருந்து நேரம் தெரிந்தது. மேலே எரிந்த டியூப்லைட்டின் வெளிச்சம் மட்டும் திரையில் பட்டு, சரியாக மாமா பெயர் மேல் ஒரு வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது.

"இப்ப எம் பேர்ல மட்டும் சுண்ணாம்பு அடிச்சு அனுப்பியிருக்காக!" என்றார் மாமா. "வேற மடி பாத்துக்கங்க. நான் வரல."

அப்பாவும் விடவில்லை. "வரலேன்னா போகச் சொல்லு. காது குத்தாத பயலுக ஊர்ல இல்லையாக்கும்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் அச்சகத்தில் பத்திரிகையைக் கொடுத்தாக வேண்டும். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, யார் பக்கமும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துக்கு என்னையும் அப்பா கூட்டிப்போனதால்தான் அந்தத் திராட்சைப் பெட்டி என் கண்ணில் பட்டது.

ஓடி வந்தவள் அம்மாவின் போனை எடுத்தேன். எழுத்தையும் எழுத்துருவையும் ஒரே பெட்டியில் கட்டுகிற மாதிரி கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கும் இலவச இணையதளம் ஒன்று பள்ளித் திட்டப்பணி செய்தபோது பழக்கமாகியிருந்தது. சித்தப்பா அம்மாவுக்கும் அனுப்பியிருந்த கோப்பை அதில் ஏற்றினேன். சக்கரம் சுற்றியது. பிடிஎஃப் வந்தது. திறந்தால் அதே எறும்பு! முன்பாவது அங்கங்கே ஊர்ந்தது. இப்போது வரிசையாக, அழகாக, கல்லில் செதுக்கியதுபோல நின்றது.

அழுகைதான் வந்தது. கூடவே அப்பாவின் இன்னொரு பேச்சும் ஞாபகம் வந்தது. பழத்தைக் கொடிக்கடியிலேயே பெட்டியில் அடுக்க வேண்டும், சந்தைக்குக் கொண்டுபோய் அடுக்கினால் அங்கே காம்புதான் மிஞ்சும் என்பார். அந்த இணையதளத்திடமும் சித்தப்பாவின் எழுத்துரு இல்லை! எழுத்துரு எங்கே இருக்கிறதோ அங்கே வைத்தே கட்ட வேண்டும்.

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதற்கு என்று அவர் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைத்தான் போட்டுவைத்திருந்தார். ஃபைல் மெனுவைத் திறந்தேன்.

"ஆத்தா, எதையாச்சும் அமுக்கி அழிச்சுப்புடாத. எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் அந்த மெனுவுல சேவுக்குக் கீழ இறங்குனதில்ல."

"நீங்க டியூப்லைட்ட அமத்துங்க சித்தப்பா."

"அது எதுக்கு?"

"சும்மாதான்."

மெனுவின் அடிப்பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' இருந்தது. அமுக்கினேன். கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்தேன். முதலில் அம்மாவின் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். அதிலும் அந்த எழுத்துரு கிடையாதே. திறந்தது. பிள்ளையார் சுழியிலிருந்து 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரை அச்சு அசலான தமிழ்! இரண்டாவது வரியில், எல்லாப் பெயரையும்விடத் தடித்து, மாமா. "தெரியுதும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் தம்பி விழித்துக்கொண்டு அழுதான்.

மாமாவுக்கு அனுப்பினேன். டிக் நீலமானது. பிறகு போன் அடித்தது, நானே எடுத்தேன். மாமா பத்திரிகையை உரக்க வாசித்தார். தன் வரி வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தார்.

"ஆத்தா, இம்புட்டுப் பெரிய எழுத்துல போடச் சொன்னது யாரு? உங்க சித்தப்பனா?"

"அப்பா, மாமா. சித்தப்பா சின்னதாத்தான் அடிச்சாக. அப்பாதான் பக்கத்துல நின்னு இன்னும் பெருசு பண்ணு, இன்னும் பெருசு பண்ணுன்னு சொன்னாக."

நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மாமா தன் வரியை மறுபடியும் வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். பிடிஎஃப் மறுபடியும் எறும்பாகிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"மச்சான் இருக்காகளா? போனக் குடு."

அப்பா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துப் போனை வாங்கி, "சொல்லு மாப்ள" என்றார். அப்புறம் ஏலக்காய் விலை, போடிமெட்டில் மழை, எங்கள் தோட்டத்துத் திராட்சையில் வந்திருக்கும் சாம்பல் நோய் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. அம்மா வாசற்படியில் தம்பியை இடுப்பில் வைத்தபடி, அவன் அழுகையைக்கூட அமர்த்தாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை பாடுபட்டுப் பிடிஎஃப் செய்திருக்கிறேன், அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையே! மழையைப் பேசவா இவ்வளவு அவசரம்?

போகட்டும் என்று மறுபடி கம்ப்யூட்டருக்குப் போனேன். தம்பி படத்தை நடுவில் வைத்து, மாமா பெயரைத் தொட்டால் அவர் கடைக்கே போன் போகிற மாதிரி ஒரு பத்திரிகை செய்துவிட வேண்டும். அப்பா பேசி முடிப்பதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிந்துவிட்டது, அப்பாதான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.