கஜா அண்ணன் இறங்கும் நேரம்

இன்று காலை மழை விட்டதும் பால்கனிக் கம்பியிலிருந்து துரு மணம் வந்தது. ராயபுரத்தில் கடற்காற்று எந்தக் கம்பியையும் விட்டுவைப்பதில்லை. வருடா வருடம் நான் பெயிண்ட் அடிக்கிறேன், வருடா வருடம் அது உரித்துப் போடுகிறது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, நான் எழுதிய பழைய புரோகிராம் ஒன்றைப் புது வெர்ஷனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் இதில் பாதி வேலையை மெஷினே செய்துவிடுகிறது. நாம் தலையாட்டினால் போதும். ஓர் இடத்தில் மட்டும் மஞ்சள் கோடு போட்டு நின்றது. 'இந்தப் பதினொரு வினாடிக் காத்திருப்பு எதற்கும் பயன்படவில்லை. நீக்கிவிடலாமா?' என்று கேட்டது. அந்த வரிக்கு மேலே, ஆங்கில எழுத்துகளில் தமிழாக, நான் எப்போதோ தட்டிவைத்த குறிப்பு இருந்தது: 'கஜா அண்ணன் இறங்கட்டும்.'

மணமும் வரியும் ஒரே நேரத்தில் வந்ததில் கையிலிருந்த டீ ஆறியது கூடத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஃபிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. பயந்துவிடாதீர்கள், பாக்கெட்டில் விற்கிற இட்லி மாவுதான். ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைக்கிற வேலையை எங்கோ ஒரு பெரிய கம்பெனி செய்து கொடுத்துவிடும். நாங்கள் ஊற்றி வேகவைத்துவிட்டு, எல்லாம் நம் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்வோம். அவ்வப்போது மாவில் புதிதாக எதையாவது சேர்த்து, புது எண் போட்டு அனுப்புவார்கள். அதுதான் வெர்ஷன். இதில் ஒரு பெரிய சௌகரியம், இட்லி கல்லாக வந்தால் மாவுக்காரன்மேல் பழியைப் போட்டுவிடலாம். அந்தச் சௌகரியத்தை நான் ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன், நடுவில் எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு பழைய இரும்பு யார்டு. துறைமுகத்தில் வந்து இறங்குகிற இரும்பெல்லாம் அங்கே மலை மலையாகக் கிடக்கும். கப்பல் கதவு, கார் கூடு, யாரோ ஒரு பிள்ளை ஓட்டித் தேய்த்த சைக்கிள், எல்லாம் ஒரே குவியலில். மழை நின்று வெயில் வந்தால் அந்த மலையிலிருந்து இதே துரு மணம் கிளம்பும். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மேகத்துக்குள் பாதி மறைந்து நிற்கும். மத்தியான நேரத்தில் பார்த்தால் எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றும். நான் வேலை நேரத்தில் பாதியை அதைப் பார்த்தே கழித்தவன்.

லாரிகள் காலியாக வந்து வாசலிலிருக்கும் எடை மேடையில் ஏறி நிற்கும். உள்ளே போய் இரும்பை ஏற்றிக்கொண்டு, வெளியே போகும்போது மறுபடி அதே மேடையில் நிற்கும். இரண்டாவது எடையிலிருந்து முதல் எடையைக் கழித்தால் சரக்கின் எடை. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். அதற்குப் புரோகிராம் எழுதியவன் நான். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று, தலைக்கனம் அதைவிட ஜாஸ்தி.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலில் ரெஜினா அக்கா. காசிமேட்டுக்காரர். கம்ப்யூட்டரை அவர் ஒரு நோஞ்சான் பிள்ளையை நடத்துவது போல நடத்துவார். அதற்குக் காரணமும் இருந்தது. முதல் வெர்ஷனில் எங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யத் தெரியும். அக்கா பட்டனை அழுத்தியதும் புரோகிராம் முதலில் லாரியின் பழைய விவரங்களைத் தேடும், பிறகு பர்மிட் எண்ணைச் சரிபார்க்கும், கடைசியாகத்தான் மேடையிடம் போய் 'எவ்வளவு?' என்று கேட்கும். அதுவரை திரை வெளிறி அப்படியே உறைந்துவிடும். அக்கா அதற்கு வைத்த பெயர் மயக்கம்.

"இரு நைனா, மயக்கம் போட்டுகினு கீது. தெளியட்டும்" என்று டிரைவர்களிடம் சொல்வார். அவர்களும் இறங்கி, அறை வாசலிலிருக்கும் மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஜன்னலுக்கு வருவார்கள். அதற்குள் மயக்கம் தெளிந்து பிரிண்டர் கரகரவென்று எடைச் சீட்டைத் துப்பும்.

இன்னொரு விசேஷம், அந்த வெர்ஷனில் எண் என்றால் எண்தான். 'தெரியாது' என்று ஒன்று கிடையாது. எடை போடாத லாரிக்கும் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளும். "பத்து சக்கரம் கீது, வெயிட்டு சைபராம். இன்னா, காத்தாடி மேரி பறந்துகினு வந்துச்சா?" என்று அக்கா கேட்பார். இரண்டாவது வெர்ஷனில் அதற்கு வழி வந்தது. ஒரு கேள்விக்குறி சேர்த்துவிட்டால், அந்த எண் 'இன்னும் தெரியாது' என்றும் இருக்கலாம். நான் அதைப் பெரிய ஞானம்போல விளக்கினேன். அக்கா சீட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டே, "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றதுக்கு ரெண்டாவது வாட்டி பொறக்கணுமா அது?" என்றார். 'தெரியாது' என்று சொல்கிற அந்த வசதி அப்போது எனக்கும் வந்திருக்கலாம்.

ஏனென்றால் அதே இரண்டாவது வெர்ஷன்தான் வினையையும் கொண்டுவந்தது. பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்து வேலை வாங்குகிற வித்தை. தேடுவது, சரிபார்ப்பது எல்லாம் பின்பக்கம் நடக்க, முன்னால் திரை தெளிவாக நிற்கும். மயக்கம் போய்விட்டது. நான் அதோடு நின்றேனா? எடையைக் கேட்கிற வரியைக் கடைசியிலிருந்து தூக்கி முதல் வரியாக வைத்தேன். பட்டனை அழுத்திய கையை எடுப்பதற்குள் சீட்டு. யார்டு முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன், எல்லோருக்கும் டீயும் பன்னும் வந்தது. ரெஜினா அக்கா மட்டும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுது. எனக்கு இன்னாமோ பயமா கீது."

நான் பன்னைக் கடித்தபடி சிரித்தேன்.

சில வாரங்களில் மணலியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. நாங்கள் இரும்பு அனுப்புகிற ஆலை அங்கேதான். ஒவ்வொரு லாரியும் எங்கள் சீட்டில் இருப்பதைவிடக் கூடுதல் எடையோடு வருகிறதாம். ஒன்றில் அறுபது கிலோ, ஒன்றில் எழுபது, ஒரு லாரியில் மட்டும் எப்போதும் நூற்றிருபது. இங்கே குறைத்து எழுதி, அங்கே கூடுதலாக அனுப்ப யாரால் முடியும்? ஜன்னலில் இருப்பவரால்தான். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புரோகிராம்ல ஏதாவது தப்பு இருக்குமா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அன்று சாயங்காலமே ரெஜினா அக்காவை, விசாரணை முடிகிறவரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு ஆள் கிடைக்கிறவரை ஜன்னலில் நான்.

மறுநாள் காலை திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால், பிளாட்ஃபாரம் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். வேலைக்கு வருகிற அதே புடவைக் கட்டு, மடியில் சோற்று டப்பா. சாயங்காலம் நான் திரும்பும்போதும் அங்கேயேதான் இருந்தார்.

"வூட்ல சொல்லல தம்பி. வேலைக்குத்தான் போய்கினு கீறேன்னு நெனச்சுகினு கீறாங்க. திருடின்னு பேரு வந்தா தெருவுல நடக்க முடியுமா? என் பொண்ணு படிச்சுகினு கீது."

எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. இருந்தும் புரோகிராமில் தப்பிருக்கும் என்று தோன்றவில்லை. அப்படிப்பட்ட தலைக்கனம். அடுத்த நாளும் அக்கா பெஞ்சில். அதற்கு அடுத்த நாளும்.

மூன்றாம் நாள்தான் கஜா அண்ணன் வந்தார். வியாசர்பாடிக்காரர், எங்கள் டிரைவர்களிலேயே கனமானவர், முட்டி வலிக்காரர். காலி லாரியை மேடையில் நிறுத்தினார். நான் பட்டனை அழுத்தினேன், சீட்டு வந்துவிட்டது. அண்ணன் பழக்கப்படி கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, ஒரு காலைக் காற்றில் தொங்கவிட்டுத் துழாவி, 'ஸ்ஸ்' என்று முனகிக்கொண்டு இறங்கினார். சுவரிலிருக்கும் எடைப் பெட்டியின் சிவப்பு எண்ணைத் தற்செயலாகப் பார்த்தேன். சட்டென்று நூற்றிருபது குறைந்திருந்தது.

"அண்ணா, இன்னொரு வாட்டி ஏறுங்க."

"இன்னா, வெளாட்றியா?"

ஏறினார். நூற்றிருபது கூடியது. இறங்கச் சொன்னேன். குறைந்தது. மறுபடி ஏறச் சொன்னேன்.

"டேய் நைனா, லாரிய எடை போட்றியா, என்னை எடை போட்றியா?"

"உங்களத்தாண்ணா" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். வெளியே போகும்போது டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் கையெழுத்துப் போட்ட பிறகே எடை. அதனால் அந்த எடையில் அவர் இல்லை. உள்ளே வரும்போது, மயக்கம் தெளிவதற்குள் அவர் இறங்கிவிடுவார். அதிலும் அவர் இல்லை. நான் வேகம் காட்டிய நாளிலிருந்து, உள்ளே வரும் காலி லாரியின் எடையில் டிரைவரும் சேர்ந்துகொண்டார். கழிக்கும்போது அவர் எடையும் சேர்ந்து கழிந்தது. மணலியிலிருந்து வந்த காகிதத்தில் இருந்தது திருட்டு அல்ல, எங்கள் டிரைவர்களின் உடம்பு.

முதலாளியிடம் ஓடினேன். ஓடும் வழியில்தான் மாவுக்காரன் ஞாபகம் வந்தான். "புது வெர்ஷன்ல ஒரு கோளாறு சார்" என்றேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். முதலாளி எல்லோர் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா தலையசைத்துவிட்டு ஜன்னலில் போய் உட்கார்ந்து, பானைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். என்னைப் பார்த்து, "வெர்ஷனா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்று மத்தியானம் கஜா அண்ணனை வைத்து அளந்தேன். நாலாவது வினாடியில் கதவு திறக்கும். ஏழில் கால் தரையைத் தொடும். பதினொன்றில் கதவைச் சாத்துவார். அவர் இறங்கிவிட்டால் ஊரே இறங்கிவிடும் என்று, பட்டனுக்கும் எடைக்கும் நடுவில் பதினொரு வினாடி வைத்தேன். அந்தக் குறிப்பையும் எழுதினேன்.

அப்புறம் அந்தப் பதினொரு வினாடி எத்தனை சட்டை மாற்றியது! இரண்டாவது வெர்ஷனில் அது ஒரு கடிகாரம். அடுத்ததில் நாற்பது வரியில் கேட்ட கேள்வியை ஒரே வரியில் கேட்கலாம் என்றார்கள். எல்லாவற்றையும் சுருக்கினேன், அதை மட்டும் தொடவில்லை. பிறகு, 'நீ இங்கே நில், மற்றவர்கள் வேலையைப் பார்க்கட்டும்' என்று ஒரே சொல்லில் சொல்கிற வசதி வந்தது. மூன்று பக்க வித்தை அந்த ஒரு சொல்லில் அடங்கியது. அதன் பிறகு அந்த ஃபிரேம்வொர்க், ஒரே கம்பெனி மெஷினில்தான் ஓடுவேன் என்கிற பிடிவாதத்தை விட்டு எங்கும் ஓடக் கற்றுக்கொண்டது. அறையிலிருந்த புரோகிராம் எங்கேயோ இருக்கிற சர்வருக்குக் குடிபோனது. முன்பு எப்போதாவது வந்த வெர்ஷன் இப்போது தீபாவளி மாதிரி வருடம் தவறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டும்போது கஜா அண்ணனையும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

கஜா அண்ணன் காலமாகி இரண்டு வருடமாகிறது. அந்த மேடையில் இன்று யாரும் இறங்குவதில்லை. கேமரா நம்பரைப் படிக்கிறது, டிரைவர் இரண்டு முறையும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி. இறங்கினால் ஒலிபெருக்கி அதட்டும். லாரிகள் ஏன் பதினொரு வினாடி சும்மா நிற்கின்றன என்று யார்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ரெஜினா அக்கா இப்போது மாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தேன்.

"அக்கா, கஜா அண்ணன் வரிய எடுத்துடலாமான்னு கேக்குது மெஷினு."

"அது இன்னுமா கீது?"

"கீதுக்கா." அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "அக்கா, அன்னிக்கு வெர்ஷன் கோளாறுன்னு சொன்னேன்ல? அது மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் வரிய மாத்தி வெச்சேன். தப்பே இருக்காதுன்னு மொதலாளி கிட்ட சொன்னதும் நாந்தான்."

"தெரியும்பா."

"எப்படிக்கா?"

"சீட்டு சீக்கிரம் வந்த அன்னிக்கு, நான் மாத்தினேன் நான் மாத்தினேன்னு பன்னு துன்னுகினு குதிச்ச. அப்பாலிக்கா வெர்ஷன் மாத்துச்சுன்ற. எனக்கு காது கேக்கும்ல?"

"அப்ப ஏங்கா கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன். பாத்து பாத்து மறந்தே பூட்டேன்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "அந்த வரிய எடுத்துடு தம்பி. முட்டி வலிக்காரரு. எத்தினி வாட்டிதான் எறங்குவாரு பாவம்."

எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். அழுத்திய கையை எடுப்பதற்குள் எடை வந்துவிட்டது. அதைப் பார்க்காமல், மழைக்குப் பிந்திய வெளிச்சத்தைப் பார்த்தபடி நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு. ஏழு. பதினொன்று. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் வரவில்லை.