கை எட்டாத இடம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் காசிம் மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பார்க்க எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். போன வருஷம் வரை ஆற்றுகிற அழகுக்காக நின்றார்கள். இந்த வருஷம், மனுஷன் அடுத்து எந்த இடத்தைச் சொறியப்போகிறார் என்று பார்க்க நின்றார்கள். ஒரு ஆத்து, ஒரு சொறி. தாளம் தப்பாது.

“மாஸ்டர், எனக்கு டீ மட்டும் போதும். சொறியை நீங்களே வச்சிக்குங்க” என்பான் எவனாவது. மாஸ்டரும் சேர்ந்து சிரிப்பார், சிரித்துக்கொண்டே சொறிவார்.

உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை, தடிப்பு இல்லை. ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எறும்புப் புற்றை மிதித்த மாதிரி அரிப்பு. ராத்திரியில் இன்னும் ஜாஸ்தி. இறாலை நிறுத்தினார், கத்தரிக்காயை நிறுத்தினார், சோப்பை மாற்றினார். வடை போடும் இளவரசு வேப்பிலையை அரைத்துக் கொண்டுவந்து, கடை வாசலிலேயே கழுத்துக்கும் கைக்கும் பூசிவிட்டார். எரிச்சல் மாஸ்டருக்கு, சிரிப்பு கடைக்கு. சொறிந்து சொறிந்து கையும் காலும் டிகாக்‌ஷன் நிறத்துக்குக் கருத்துத் தடித்ததுதான் மிச்சம்.

நடுமுதுகுக்கு மட்டும் கை எட்டவில்லை. அங்கே சொறிந்துவிட வேண்டிய ஆள், மனைவி மெகருன்னிசா, குவைத்தில் ஒரு வீட்டில் வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். போய் மூன்று வருஷம். மகள் ரூமானா ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். கடலூர் ஓல்டு டவுன் வீட்டில் மாஸ்டர் தனி; அங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் கடைக்கு வந்து போனார்.

வெள்ளிக்கிழமை மாஸ்டருக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் அவள் போன் வரும்.

“அது என்னா மச்சான் கரகரன்னு சத்தம்?”

“தேங்கா துருவுறேன்.”

அடுத்த வாரமும் கேட்டாள். “தோசக்கல்ல சொரண்டுறேன்.”

“வாராவாரம் நா பேசறப்பதான் உனக்கு வீட்டு வேல வருதா? வீடியோவுல வா, பாப்போம்.”

“கேமரா ஒடஞ்சி போச்சி மெகரு.”

கேமராவுக்கு ஒன்றுமில்லை. உடம்பைக் காட்டினால் அடுத்த பிளைட்டில் ஏறி வந்துவிடுவாள். அவருக்கு வேண்டியதும் அதுதான். சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதனாலேயே வாயைத் திறக்கவில்லை. வியாதியைக் காட்டிப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவன் என்ன ஆம்பளை என்று ஒரு வறட்டு ரோஷம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், பால் கிளறும் நீளக் கரண்டியைக் காலர் வழியாக முதுகுக்குள் விட்டார். ஆஹா என்று கண்ணை மூடித் திறந்தால், எதிரே முதலாளி சுப்புராயன்.

“பாய், நல்லாருக்குதா?”

“மன்னிச்சிக்குங்க மொதலாளி.”

“ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து டீ போடு. அதுவரைக்கும் கடைப்பக்கம் வராத.”

கரண்டி அன்றே குப்பைக்குப் போனது. மாஸ்டர் மறுநாள் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்.

இசைவாணி என்கிற சின்ன வயசு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகைப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் போனையே வாங்கி ஒரு படம் எடுத்துக் காட்டினார். தோள், விலா, இடுப்பு எல்லாம் கருத்துக் கிடக்க, நடுமுதுகில் மட்டும் பழைய தோல், பழைய நிறம். பட்டாம்பூச்சி ஒன்று றெக்கை விரித்து உட்கார்ந்த மாதிரி.

“தோல் வியாதின்னா இங்கயும் வந்திருக்கும்யா. நகம் படாத எடம் மட்டும் சுத்தமா இருக்கு பாருங்க. கோளாறு உள்ள இருக்கு. கண்ணும் லேசா மஞ்சளா தெரியுது. குடிப்பீங்களா?”

“டீதாம்மா.”

“குடிச்சாதான் கல்லீரல் கெடணும்னு இல்ல.”

ரத்தமும் ஸ்கேனும் பார்த்து அதையே உறுதி செய்தார்கள். கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வெளியேறாமல் ரத்தத்தில் தேங்குகிறது. தினமும் மாத்திரை, தவறாமல் செக்கப். தோல் காயாமல் இருக்க உடம்பு முழுக்கத் தடவ ஒரு க்ரீமும் கொடுத்தார்கள்.

“முதுகுல தடவி வுட வீட்ல யாரு இருக்கா?” என்றார் டாக்டர்.

அதுவரை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன மனுஷன், க்ரீம் டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். அதில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. மாஸ்டர் வீடியோவைப் போட்டார். சட்டையைக் கழற்றினார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நின்றார்.



“யா அல்லாஹ்” என்றாள் மெகருன்னிசா. “என்னா மச்சான் இது?”

திரும்பாமலே சொன்னார். மாத்திரை, ஸ்கேன், டாக்டர் சொன்னது, தேங்காய் துருவாதது, எல்லாவற்றையும்.

அழுவாள் என்று நினைத்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

“நடுவுல வெளுப்பா இருக்கே, அது நா சொறிஞ்சி வுடுற எடமில்ல?”

“ஆமா.”

“என் எடத்த மட்டும் அப்புடியே வச்சிருக்க, கிறுக்கு மனுசா.”

“வந்துடு மெகரு” என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

அவள் செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு கதவு தட்டும் சத்தம், பிறகு அரபி. மாஸ்டருக்குத் தெரிந்த அரபியெல்லாம் தொழுகையில் ஓதுவதுதான். எஜமானியின் குரல் கோபமா சம்மதமா என்று பிடிபடவில்லை. அரிப்பு காலிலிருந்து ஏறிவந்தது. இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வேற ஆள் கெடைக்க ரெண்டு மாசம் ஆவுமாம்” என்றாள் திரும்பி வந்து. “அப்புறம் கெளம்புன்னு சொல்லிட்டாங்க. ரூமானாகிட்ட நா பேசிக்கிறேன். அதுவரைக்கும் எளவரசு அண்ணன தடவி வுடச் சொல்லு, வெக்கப்படாத.”

“சரி.”

“எங்க திரும்புற, திரும்பாத. இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”

மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி நின்றார். வெகு நேரம் அவள் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை.