ஹைதராபாத்தில் இருபத்துநான்கு மணி நேரம்: என் ரத்தம் கரையுமா?

பிரியாணிக் கடை தேடி இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த ஜனவரியில் நான் ஹைதராபாத் போனது என் ரத்தத்தைக் காட்ட. பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. எனக்கோ சிறுவயதிலிருந்தே ஒரு கோளாறு. காயம் பட்டால் ரத்தம் நின்றுவிடும், மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். கடைவாய்ப்பல் பிடுங்கியபோது இரண்டாம் நாள் தலையணையே நனைந்துவிட்டது. ஆனால் எத்தனை முறை பரிசோதித்தாலும் ரிப்போர்ட் ‘நார்மல்’. சர்ஜன் சிரித்தார். கணவர் ரவி, “சரியான பயந்தாங்கொள்ளி” என்றார். வந்த கோபத்தில், பரம்பரை ரத்தக்கசிவு நோய்களை ஆராயும் மையம் ஒன்று பேகம்பேட்டில் இருப்பதைத் தேடிப் பிடித்து, ரவியை டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. எப்படியும் நார்மல்தானே என்று, போய்ச் சேரும் நாள் மாலைக்கே திரும்பும் டிக்கெட்டும் எடுத்துவிட்டார் மனிதர்.

காலை 8.10க்கு செகந்திராபாத்தில் இறங்கினோம். பேகம்பேட் சுமார் 6 கி.மீ. ஆட்டோக்காரர் 220 கேட்டார். தனக்குத் தெரிந்த ஒரே உள்ளூர்ச் சொல்லான ‘நக்கோ’வை, அதாவது ‘வேண்டாம்’ என்பதை, நாலு தடவை சொல்லி, ரவி அதை 150க்கு இறக்கினார். அந்தப் பெருமை அவருக்கு மதியம் வரை இருந்தது.

எங்களைப் பார்த்த ஆய்வாளர் மல்காஜ்கிரி ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண். பழைய ரிப்போர்ட்டுகளை ஒதுக்கிவிட்டு முதலில் கேட்டது இது: “பொறந்தப்போ தொப்புள்கொடி விழுந்த எடத்துல ரத்தம் கசிஞ்சுதா?”

எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“ஆமாடி, பத்து நாளு. துணி மாத்தி மாத்திக் கட்டுனேன். ஏன், இப்ப யாரு கேக்குறா?”

“அப்பா, அம்மா சொந்தமா?” என்றார் ஆய்வாளர் அடுத்ததாக. அப்பா, அம்மாவின் அத்தை மகன் என்றேன். “ஹவ்” என்று ஹைதராபாத் ‘ஆமாம்’ போட்டுத் தலையாட்டி எழுதிக்கொண்டார். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

“ரத்தம் உறையறது ஒரு வேலை. உறைஞ்சது இறுகி நிக்கறது இன்னொரு வேலை. நீங்க பண்ண டெஸ்டெல்லாம் முதல் வேலையை மட்டும்தான் பாக்கும். ரெண்டாவதுக்கு ஃபேக்டர் பதிமூணு வேணும். அது இல்லாம ஆபரேஷன் பண்ணா, ரெண்டு நாள் கழிச்சு உள்ள ரத்தம் கசியும்.”

ரத்தம் எடுத்தார்கள். அதன் பிளாஸ்மாவை உறைய வைத்து, அந்தக் கட்டியை யூரியாக் கரைசலில் போட்டார்கள். ஃபேக்டர் பதிமூன்று இல்லாவிட்டால் கட்டி அதில் கரைந்துவிடுமாம். பக்கத்துக் குழாயில், குறையில்லாத ஒருவரின் கட்டி. மணி 11.20. நாளை இதே நேரம் வரை பார்க்க வேண்டுமாம்.

“ரிசல்ட்டைப் போன்ல கேட்டுக்கலாமே?” என்றார் ரவி.

“என் ரத்தம். பாக்காம நான் வரமாட்டேன்.”

டிக்கெட் ரத்தானது. பக்கத்து லாட்ஜில் அறை 1,400 ரூபாய். மாலையில் நான் இரானி சாயா நாலு கப் குடித்தேன், சார்மினார் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

11.20. ஒரு குழாயில் கட்டி ஜவ்வரிசி போல அப்படியே கிடந்தது. என் பெயர் எழுதிய குழாயில் வெறும் தண்ணீர். கட்டி இருந்த சுவடே இல்லை.

நான் குதித்தே விட்டேன்! “நோய் இருக்குன்னு சொல்றேன், குதிக்கறீங்க!” என்று ஆய்வாளரும் சிரித்துவிட்டார். அளவும் மரபணுவும் பார்த்து உறுதிசெய்ய இன்னும் சில வாரம் ஆகும். உறுதியானால், அறுவைக்கு முன் அந்த ஃபேக்டரை ஊசியாக ஏற்றலாம், அது வாரக்கணக்கில் நிற்கும் என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரவி வராந்தாவுக்குப் போய் சர்ஜனுக்குப் போன் செய்தார். “சார், ஆபரேஷனைத் தள்ளி வெச்சிருங்க. இல்ல சார், பயமெல்லாம் இல்ல. அவ சொன்னதுதான் சரி.” ரயிலில் ஜன்னல் சீட்டையும் எனக்கே விட்டுக்கொடுத்தார்.

நீங்கள் போவதானால் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போங்கள், ‘நார்மல்’ என்று இருந்தாலும். இரண்டு நாள் ஒதுக்குங்கள். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டி எடுக்காதீர்கள், முக்கியமாகக் கணவரை எடுக்க விடாதீர்கள். கிளம்புமுன் அம்மாவிடம் பேசிவிடுங்கள். என் அம்மாவிடம் அந்தப் பதில் முப்பத்தாறு வருடமாக இருந்தது. எந்த டாக்டரும் அவளைக் கேட்கவில்லை, நானும்தான்.