காய்ந்த துணிகள்

துணி துவைப்பதென்றால் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். அக்கா தன் பத்து மாதக் குழந்தையோடு ஆடிக்கு ஸ்ரீரங்கம் வந்தபோது, கொஞ்சும் வேலை வீட்டில் எல்லோருக்கும் கிடைத்தது. துணி அலசும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. ஐம்பதுகளின் கடைசி, நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, குழந்தைக்கு இடுப்புத் துணியாக அம்மா அடுக்கி வைத்திருந்தார்.

காவிரியில் புதுத் தண்ணீர் கலங்கலாக வந்த நேரம். வந்த நாலாம் நாள் குழந்தைக்குத் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. குடித்த பாலையும் கக்கியது.

"பல்லு முளைக்குது. அப்படித்தான் போகும்" என்றார் அம்மா.

ஈறைத் தடவினால் நிஜமாகவே ஒரு பல் முனை தட்டுப்பட்டது. அதனால் யாரும் பயப்படவில்லை. வசம்பைச் சுட்டு உரசிக் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று, புகட்டும் பாலாடையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். குழந்தை தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக் கையை நீட்டும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கிணற்றடியில் முணுமுணுத்துக்கொண்டே துணிகளை அலசிக்கொண்டிருந்தேன்.

போக ஆரம்பித்த மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் அடியிலிருந்து எடுத்த துணி காய்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே.

"அக்கா, நின்னுடுச்சு! துணியெல்லாம் காஞ்சே இருக்கு!" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். குழந்தை அழாமல் கிடந்தது. அசந்து தூங்குகிறது என்று நாங்கள் மெதுவாகப் பேசிக்கொண்டோம்.

மத்தியானம் குழந்தையை எடுத்து மடியில் போட்டபோதுதான் கண்கள் குழி விழுந்திருப்பதை அக்கா பார்த்தாள். நாக்கு உலர்ந்திருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. அம்மாவும் அக்காவும் நானும் பஸ் பிடித்து, பாலம் தாண்டித் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார். அது மடிந்தபடியே நின்றது. "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். துணி அலசியவள் நான்தானே.

"நேத்து சாயந்தரம்" என்றேன்.

"தண்ணி குடுத்தீங்களா?"

விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகும் ஆடிக்கு வருவாள். எனக்குத் தலை பின்னிவிடுவாள். ஒரு தடவையாவது அவள் என்னைத் திட்டமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். கடைசிவரை திட்டவில்லை.

இப்போது என் மகளின் குழந்தை என் மடியை நனைத்தால், "ஐயோ, புடவை" என்று மகள் பதறி ஓடிவருகிறாள். நான் குழந்தையைக் கொடுப்பதில்லை. அந்த ஈரத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். துணி நனைந்திருக்கிறது என்று அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கும். கேட்பதற்கு அக்காதான் இல்லை.